தேர்வில் வராத பாடமும் தாண்டிச் செல்லும் பகுதியும்



இவ்வலைப்பூவில் நான் வழக்கமாக எழுதுவது வலிமிகும் இடங்கள், கட்டுரைப் பயிற்சி, செய்யுளும் மொழியணியும் போன்றவற்றைப் பற்றித்தான். இன்று சப்பானிய அசைவூட்டத் தொடர் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். 'ஐயாவுக்கு என்ன ஆயிற்று?' என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பொறுமையாக இறுதிவரை படியுங்கள். இது நம் வகுப்பறையைப் பற்றிய கட்டுரைதான்.

சில மாதங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு வகுப்பில் கட்டுரைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவ்வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நான்கு வரிக்கு மேல் எழுதமாட்டான். அன்று அவன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். மகிழ்ச்சியோடு அருகில் சென்று பார்த்தால், ஏடு முழுவதும் எண்கள்! 26, 97, 101, 102 முதல் 106, 136 முதல் 140, 143 முதல் 219... சில எண்களின்மேல் சிவப்புக் கோடு. ஒரே ஓர் எண்ணின் அருகில் மட்டும் பச்சை நட்சத்திரம். 'பரிசுச் சீட்டு நம்பர் எடுக்கும் பழக்கம் இந்த வயதிலேயே வந்துவிட்டதா?' என்று ஒரு கணம் அஞ்சிவிட்டேன்.

"என்ன இது?" என்றேன்.

"நருட்டோ ஐயா. சிவப்புக் கோடு போட்டதெல்லாம் ஃபில்லர். உண்மையான கதையில் வராது. பார்க்க வேண்டாம்."

"பாடம் நடக்கும்போது இதுதான் வேலையா?" என்று ஏட்டை வாங்கிக்கொண்டேன். அப்போது அவன் மிகவும் அமைதியாக ஒன்று சொன்னான்.

"நீங்களும் பாடநூலில் இப்படித்தானே ஐயா கோடு போடச் சொல்வீர்கள்? 'இது தேர்வில் வராது, விட்டுவிடு' என்பீர்களே!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டிற்குச் சென்ற பிறகும் அச்சொல் என்னை விடவில்லை. அவன் கேலி செய்யவில்லை. என்னிடம் கற்றதைத்தான் செய்திருந்தான்.

ஃபில்லர் என்றால் என்ன?

இதுபற்றி அறியாத பெற்றோருக்காகச் சிறு விளக்கம். மசாஷி கிஷிமோட்டோ என்பவர் வரைந்த 'நருட்டோ' என்னும் படக்கதை, ஜப்பானின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1999இல் தொடங்கி 2014இல் முடிந்தது. மொத்தம் 700 அத்தியாயங்கள், 72 தொகுதிகள். இதைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2002 அக்டோபரில் தொடங்கியது. முதல் தொடர் 220 பகுதிகளோடு 2007 பிப்ரவரியில் நிறைவுற்றது. அதே மாதம் தொடங்கிய 'நருட்டோ ஷிப்புடென்' 500 பகுதிகள் ஓடி 2017 மார்ச்சில் முடிந்தது. ஆக, மொத்தம் 720 பகுதிகள்.

இங்குதான் சிக்கல். படக்கதை வாரம் ஓர் அத்தியாயம் வரும். தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியோ இரண்டு அத்தியாயங்களைக்கூட விழுங்கிவிடும். ஒருவர் சமைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர் இரு மடங்கு வேகத்தில் உண்டால் பானை காலியாகத்தானே செய்யும்? அப்படித் தொடர் மூலக்கதையை எட்டிப் பிடிக்கும்போது, ஒளிபரப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது மூலத்தில் இல்லாத கதைகளைத் தாங்களே உருவாக்கி இட்டு நிரப்ப வேண்டும். வாராவாரம் ஒளிபரப்பு நேரத்தைக் கையில் வைத்திருந்த அக்காலத் தயாரிப்பாளர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாறு இட்டு நிரப்பப்பட்டவையே ஃபில்லர் பகுதிகள். தமிழ் படித்தவர்கள் 'இடைச்செருகல்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வர்.

முதல் தொடரில் 143 முதல் 219 வரை தொடர்ச்சியாக 77 பகுதிகள் இத்தகையவை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு! இரசிகர்கள் தொகுத்துள்ள பட்டியல்களின்படி, இரு தொடர்களையும் சேர்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு இட்டு நிரப்பியதே. ஒரு பகுதி ஏறக்குறைய 23 நிமிடம். அப்படியானால் இந்த 290 பகுதிகளைப் பார்க்க 110 மணி நேரம் வேண்டும். நாளுக்கு ஒன்று என்றாலும் ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகும்.

இக்கணக்கைப் போட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, 'பையன் புத்திசாலி' என்பதுதான்.

என் மகளின் வாதம்

இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் மகளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவள் இத்தொடரை முழுவதும் பார்த்தவள். "பட்டியல்தான் இருக்கிறதே அப்பா. அதைப் பின்பற்ற வேண்டியதுதான். ஆசிரியரே எழுதாத கதையை ஏன் பார்க்க வேண்டும்? நேரம் வீண்" என்றாள்.

வலுவான வாதம்தான். ஃபில்லர் பகுதிகளில் பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை என்பதை நானே பிறகு பார்த்து உணர்ந்தேன். அவற்றில் எவருக்கும் எதுவும் நிகழ்வதில்லை. கதைமாந்தர் புதிய ஊருக்குச் செல்வர், புதிய எதிரியை வெல்வர், திரும்பிவிடுவர். அடுத்த வாரம் அந்த ஊரையும் எதிரியையும் யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். மூலக்கதை பின்னால் வரவிருப்பதால் எதையும் மாற்றும் உரிமை இக்கதைகளுக்கு இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஏட்டில் 101ஆம் எண்ணுக்கு மட்டும் ஏன் பச்சை நட்சத்திரம்? அதுவும் ஃபில்லர்தானே? அன்றிரவு மகளோடு அமர்ந்து அதைப் பார்த்தேன்.

ககாஷி என்னும் ஆசிரியர் எப்போதும் முகத்தில் பாதியை மூடும் முகமூடி அணிந்திருப்பார். அவருடைய மாணவர்கள் மூவர்: நருட்டோ, சசுகே, சகுரா. எப்படியாவது ஆசிரியரின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மூவரும் கூட்டுச் சேர்ந்து திட்டம் தீட்டுகின்றனர். பின்தொடர்கின்றனர், ஒளிந்து நோக்குகின்றனர், ஒவ்வொன்றிலும் தோற்கின்றனர். கடைசியில் ஆசிரியரே முகமூடியைக் கழற்றுகிறார். உள்ளே இன்னொரு முகமூடி!

வாய்விட்டுச் சிரித்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருப்பவனுக்கு இது வெறும் வேடிக்கையன்று. நாம் வகுப்பில் நுழையும்போது அணிந்துகொள்ளும் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் மாணவர்களும் எந்நேரமும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இப்பகுதி முடிந்து சில பகுதிகளிலேயே சசுகே ஊரைவிட்டே போய்விடுகிறான். அந்தப் பிரிவே பிறகு வரும் நூற்றுக்கணக்கான பகுதிகளின் வலி. மூவரும் ஒன்றாகச் சேர்ந்து, எந்தப் பகையும் இல்லாமல் ஒரு முழு நாளைச் சிரிப்பில் கழிப்பதை 101இல்தான் காண்கிறோம். மூலக்கதையில் இல்லாத இந்த ஒரு நாள், மூலக்கதையில் உள்ள பிரிவை இன்னும் கனமாக்கிவிடுகிறது. பட்டியல் இதைச் சொல்லுமா? சொல்லாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது. அதன் மதிப்பு என்ன என்பதை அது அறியாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

அதன் பிறகு சில வாரங்கள், வார இறுதிகளில், மகளின் வழிகாட்டுதலோடு பல பகுதிகளைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்தன்று. எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும் என்பதும் அன்று. பிள்ளைகளோடு அமர்ந்து முடிவெடுக்க விரும்பும் பெற்றோருக்காக நான் கண்ட நான்கு கேள்விகளைத் தருகிறேன்.

1. எந்த இடத்தில் வருகிறது? ஷிப்புடென்னில் 394 முதல் 413 வரையுள்ள பகுதிகள், பெரும்போரின் உச்சக்கட்டத்தில், நருட்டோவின் தோழர்கள் பழைய நாளில் எழுதிய தேர்வைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன. விருந்தில் பாயசம் வரும் நேரத்தில் இலையை எடுத்துவிட்டுக் கதை சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. இத்தகையவற்றைப் போர் முடியும்வரை தள்ளி வையுங்கள். பிறகு தனியே பார்த்தால் சுவையாகவே இருக்கும். இடம் தவறியதற்காகப் பொருளைக் குறை கூற முடியாது.

2. யாரைப் பற்றியது? புதிய ஊரையும் புதிய எதிரியையும் பற்றியதானால் பெரும்பாலும் விட்டுவிடலாம். நாம் முன்பே அறிந்த ஒருவரின் அறியாத பக்கத்தைக் காட்டுவதானால் நின்று பாருங்கள். 349 முதல் 361 வரையுள்ளவை ககாஷியின் இளமைக் காலம். தோழியைத் தன் கையாலேயே இழந்த ஓர் இளைஞன் எப்படி இருண்டு போகிறான், பின்னர் எப்படி ஆசிரியராகிறான் என்பதைச் சொல்பவை. பட்டியலில் இவையும் சிவப்புக் கோட்டுக்குள்தான் கிடக்கின்றன.

3. தனித்து நிற்கிறதா? நெடிய தொகுப்பானால் முதல் இரண்டு பகுதிகளைப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் குற்றவுணர்ச்சியின்றித் தாண்டுங்கள். 223 முதல் 242 வரை ஒரு கப்பல் பயணம். நான் மூன்றோடு இறங்கிவிட்டேன். என் மகளோ அதில் இரண்டு பகுதிகள் நல்லவை என்கிறாள். இருக்கட்டும். சுவை ஆளுக்கு ஆள் மாறும்.

4. யாரோடு பார்க்கிறோம்? தனியே, இரவு பதினொரு மணிக்கு, போர்வைக்குள் கைப்பேசியோடு பார்ப்பதானால் ஒரு பகுதிகூட அதிகம்தான். தந்தையோடும் அக்காவோடும் அமர்ந்து சிரித்துப் பார்ப்பதானால் சாதாரணப் பகுதியும் வீண்போகாது. மேலும், இத்தொடரில் வன்முறையும் மரணமும் நிறைய உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள்.

பட்டியலுக்கும் எல்லை உண்டு. 451 முதல் 458 வரை வரும் இதாச்சியின் கதை, தொடரை ஒட்டி வெளிவந்த நாவலைத் தழுவியது. படக்கதையில் இல்லை. இட்டு நிரப்பியதும் இல்லை. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? இங்கே கோடு போடும் கை தயங்கத்தான் செய்கிறது. மற்றொரு தொடரான 'ஒன் பீஸ்'ஸில் 196 முதல் 206 வரை, கடற்படைக் கோட்டையொன்றில் நாயகர்கள் சிக்கிக்கொள்ளும் கதை முழுக்க முழுக்க இட்டு நிரப்பியதே. ஆயினும் இரசிகர்கள் பலர் அதைத் தவறவிடக் கூடாது என்று பரிந்துரைக்கின்றனர்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். கம்பராமாயணத்தைப் பதிப்பித்த அறிஞர்கள், கம்பருடையவை அல்ல என்று கருதிய பாடல்களை 'மிகைப்பாடல்கள்' என்று பிரித்து வைத்தார்கள். ஆனால் தூக்கி எறியவில்லை. நூலோடு சேர்த்தே அச்சிட்டார்கள். பிரித்தறிவது அறிவு. படிக்கலாமா வேண்டாமா என்பதை வாசகரிடம் விட்டது பண்பு.

சிவப்புக் கோடு போட்டவன் யார்?

இப்போது வகுப்பறைக்கு வருவோம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொடர்ந்து கற்பித்து வந்தேன். 'இது வரும், அது வராது' என்று கணிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் இருந்தது. கதை கூறுதல் வராது, கோடு போடு. நாடகம் நடித்தல் வராது, கோடு போடு. 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. ஆனால் என் கையிலிருந்த சிவப்புப் பேனா அகலவில்லை. ஆண்டிறுதி மதிப்பீட்டைக் காரணம் காட்டி அதே பாடங்களை இன்றும் தாண்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மாணவன் பார்த்தது அதைத்தான்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது எங்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை, வளப்படுத்தும் நடவடிக்கை என்று இரண்டைக் கற்பித்தார்கள். பாடத்தின் மையத்தில் இல்லாததெல்லாம் நேரத்தை நிரப்புவதற்காக அன்று. அதில் ஒரு பகுதி மாணவனை வளப்படுத்துவது. அதை மறந்துவிட்டேன். பழைய மாணவர்கள் என்னைக் காணும்போது எதை நினைவுகூர்கிறார்கள்? ஆசிரியர் விடுப்பில் இருந்த வகுப்புக்கு நான் மாற்றாகச் சென்று, பாடம் எதுவும் இல்லாததால் கதை சொன்ன அந்த அரைமணி நேரத்தைத்தான். என் கணக்கில் அவை இட்டு நிரப்பிய பாடவேளைகள். அவர்கள் கணக்கில் அவைதாம் மூலக்கதை!

மறுவாரம் ஏட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். "இவற்றை ஏன் விட்டாய், 101ஐ ஏன் விடவில்லை? எழுதிக் கொண்டு வா" என்றேன். தண்டனையாக அன்று, கட்டுரையாக.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். லகர ளகரப் பிழைகள் ஏராளம். நிறுத்தற்குறிகள் இல்லை. ஆனால் கருத்து இருந்தது, காரணம் இருந்தது, வரிசை இருந்தது. அவனுடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலைக்குச் சென்றுவிட்டானாம். முன்பு இருவரும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பார்களாம். தீபாவளிக்கு அண்ணன் வரும்போது இருவரும் கதையைப் பேச வேண்டும். அண்ணன் முடித்துவிட்டான், தம்பி பின்தங்கிவிட்டான். அதனால்தான் இந்தப் பட்டியல், இந்த அவசரம். 101ஐ மட்டும் ஏன் விடவில்லை? அண்ணன் ஊரைவிட்டுப் போவதற்கு முன் இருவரும் சேர்ந்து கடைசியாகப் பார்த்தது அது.

அதைப் படித்து முடித்ததும் சிறிது நேரம் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. பாடத்தில் கவனமில்லாதவன் என்று நான் எண்ணியிருந்த ஒருவன், தனக்கு இருக்கும் நேரத்தை அளந்து, எதற்காக என்று தெளிந்து, எதை விடுவது, எதை விடக் கூடாது என்று தேர்ந்தெடுத்திருக்கிறான். நான் இத்தனை ஆண்டுகளாகக் கோடு போட்டபோது 'தேர்வில் வராது' என்பதைத் தவிர வேறு காரணம் வைத்திருந்தேனா?

தீபாவளி விடுமுறை முடிந்து வந்தவனிடம், "முடித்துவிட்டாயா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. அண்ணனுக்கு இரண்டு நாள்தான் விடுமுறை. 101ஐ மறுபடியும் பார்த்தோம். பிறகு 469 பார்த்தோம்" என்றான். ஷிப்புடென்னின் 469இல்தான் ககாஷியின் முகம் முழுமையாகத் தெரிகிறது. பட்டியலில் அதுவும் ஃபில்லர்தான்!

முடிவாக...

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எதைப் பார்க்கிறான் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதை விட்டுவிட்டான், ஏன் விட்டான் என்றும் கேளுங்கள். எங்கோ யாரோ தொகுத்த பட்டியலை ஒப்பிப்பது தேர்வாகாது. 'பட்டியல் அப்படிச் சொல்கிறது' என்று பதில் வந்தால், அதற்கு அப்பாலும் ஒரு காரணத்தைச் சொல்லப் பழக்குங்கள். காரணம் சரியாக இருந்தால், அவன் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்தியதற்காகப் பாராட்டுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, கலைத்திட்டம் முழுவதையும் ஒன்றுவிடாமல் நடத்த நேரம் போதாது என்பது எனக்கும் தெரியும். சிலவற்றைத் தாண்டத்தான் வேண்டும். ஆனால் கோடு போடும் முன் ஒரு முறையேனும் அப்பாடத்தைத் திறந்து பார்ப்போம். அது வகுப்பில் யாரோ ஒருவனுடைய 101ஆம் பகுதியாக இருக்கலாம்.

இந்த வாரம் என் வகுப்பில் கதை கூறும் பாடம் நடந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்த பாடம்தான். முதலில் எழுந்து வந்து கதை சொன்னவன் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?